தம்பிக்கு எந்தக் குப்பி?

மக்களே, புதுக்கடைப் பக்கத்தில் பல வீடுகளில் காலையில் அடுப்பில் வெறும் வெள்ளம் கொதிப்பதில்லை. ஒரு வீட்டில் சீரகம் போட்டிருக்கும், ஒரு வீட்டில் சுக்கு, இன்னொரு வீட்டில் பதிமுகம். 1956 நவம்பர் 1 வரை நம் கன்னியாகுமரி மண் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மலையாளக் கரையின் இந்தப் பழக்கம் நம் அடுக்களையிலும் தங்கிவிட்டது. பதிமுகக் கட்டையின் சீவல் இரண்டைப் போட்டால் போதும், பானை முழுக்க ரோஜா நிறம் ஏறிவிடும். அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிடும். ஆவி பறக்கிற வெள்ளத்தை அப்படியே குப்பியில் ஊற்றி, மூடியைத் திருகிப் பையில் செருகி அனுப்புவார்கள்.

அந்தக் குப்பி எதனால் ஆனது என்று பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற தம்பியோ தங்கையோ இருந்தால், பள்ளி திறக்கும் நேரத்தில் புதுக் குப்பி வாங்க மார்த்தாண்டத்துக்கோ கருங்கலுக்கோ போவீர்கள். பெரியவர்கள் விலையைப் பார்ப்பார்கள். தம்பி மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பான். நீங்கள் ஒரு கேள்வியோடு போங்கள்: வீட்டில் இதற்குள் எதை, எவ்வளவு சூட்டில் ஊற்றப்போகிறோம்? குப்பியின் நல்லது கெட்டதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

பிளாஸ்டிக் குப்பியை முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒரு சின்ன முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த எண்கள் இவை. பழைய பிளாஸ்டிக்கை இனம் பிரிப்பவர்களுக்காக வந்தவை. நல்ல பிளாஸ்டிக்குக்குக் கொடுத்த மதிப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் உள்ளே இருப்பது என்ன பொருள் என்று நமக்குச் சொல்லிவிடும்.

எண் 1 என்றால் பெட். கடையில் வாங்கும் தண்ணீர், குளிர்பானக் குப்பிகள் எல்லாம் இதுதான். குடித்து முடித்ததும் கழுவி, மறுநாள் பள்ளிக்கு அதிலேயே வெள்ளம் கொடுத்து அனுப்புகிற வீடுகள் நிறைய உண்டு. பொருளை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பெட் சூட்டுக்கு ஆகாது. பிளாஸ்டிக் எல்லாமே நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கிற பொருள். குளிர்ந்திருக்கும்போது சங்கிலிகள் அசையாமல் இறுகிக் கிடக்கும். பெட்டில் 70, 80 டிகிரிச் சூடு ஏறினால் அவை நெளியத் தொடங்கிவிடும். தொழிற்சாலையில் அந்தக் குப்பியை ஊதி இழுத்துத்தான் வடிவத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். சூடு பட்டதும் இழுபட்ட சங்கிலிகள் பழைய நிலைக்குச் சுருண்டுகொள்ளும். காலியான பெட் குப்பி ஒன்றை வாளிக்குள் நிறுத்தி, அம்மாவையோ அப்பாவையோ கொதித்த வெள்ளத்தை அதில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். குப்பி இடுப்பு ஒடுங்கி, கோணிக்கொண்டு போகும். அதைப் பார்த்த பிறகு யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எண் 5 என்றால் பாலிபுரொப்பிலீன். படம் போட்ட பள்ளிக் குப்பிகளில் இது நிறைய வருகிறது. பால்குப்பிகளும் பெரும்பாலும் இதுதான். உருகுவதற்கு 160 டிகிரி வேண்டும் என்பதால் கொதிவெள்ளத்தில் கோணாது, சுருங்காது. கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இந்தப் பிளாஸ்டிக்கில் செய்த பால்குப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2020 அக்டோபரில் 'நேச்சர் ஃபுட்' ஆய்விதழில் வந்தது. வெள்ளத்தை ஊற்றி, குழந்தைக்குப் பால் கலக்கும்போது ஆட்டுகிற மாதிரி ஆட்டி, பிறகு அந்த வெள்ளத்தை வடிகட்டி, அதில் இருந்த நுண்பிளாஸ்டிக் துகள்களை எண்ணினார்கள். 25 டிகிரி வெள்ளத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 6 லட்சம் துகள்கள். 95 டிகிரி வெள்ளத்தில் ஐந்தரைக் கோடி! குப்பி அதேதான், ஆட்டியதும் அதே மாதிரிதான். மாறியது சூடு மட்டும்.

இந்தத் துகள்கள் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று உலகெங்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், இன்னும் ஆய்வு வேண்டும் என்றுதான் சொன்னது. ஆகவே பயந்துபோய் வீட்டில் உள்ள குப்பிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டாம். வழி எளிது. இராத்திரியே வெள்ளத்தைக் கொதிக்கவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் மூடி வையுங்கள். விடியும்போது ஆறியிருக்கும். அதன் பிறகு குப்பியில் ஊற்றுங்கள். அந்த டப்ளின் ஆய்வாளர்கள் பெற்றோருக்குச் சொன்ன யோசனையும் கிட்டத்தட்ட இதுவே: பிளாஸ்டிக் அல்லாத பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு குப்பிக்கு மாற்றுங்கள்.

பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு நாம் நினைக்கிற அளவுக்கு வழவழப்பானதல்ல என்பதை நம் பதிமுகமே காட்டிக்கொடுக்கும். ஓர் ஆண்டு பள்ளிக்குப் போய்வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி ஒன்றை வெயிலில் பிடித்து உள்ளே பாருங்கள். இளஞ்சிவப்புக் கறை படிந்திருக்கும். தேய்ப்பான் கீறிய இடங்களில் மட்டும் அது கோடுகோடாக இன்னும் அழுத்தமாகத் தெரியும். சாயம் கீறல்களில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. சாயம் இறங்குகிற இடத்தில் கிருமியும் இறங்கும். சீரக வெள்ளம் ஊற்றிய குப்பியில் எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகாததற்கும் காரணம் உண்டு. சீரகத்தின் வாசப் பொருள் எண்ணெயோடு சேர்கிற வகை. பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக்கும் அதே குணம் உள்ளது. அதனால் வாசம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடுகிறது. கீறல் நிறைந்து, கறையும் வாசமும் ஏறிய பிளாஸ்டிக் குப்பியை மாற்றிவிடுவது நல்லது.

பேச்சோடு பேச்சாக ஒரு விளையாட்டு: ஆறிய பதிமுக வெள்ளத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள். சிவப்பு போய் மஞ்சளாகிவிடும். இன்னொரு தம்ளரில் துளி சோப்பு வெள்ளம் விட்டால் சிவப்பு இன்னும் அடர்த்தியாகும். பதிமுகத்தின் நிறப்பொருளான பிரேசிலீன் அமிலத்துக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும். ஆய்வுக்கூடத்து லிட்மஸ் தாள் செய்கிற வேலையை நம் அடுக்களைப் பானையும் செய்கிறது. சோப்பு விட்டதைக் குடித்துவிடாதீர்கள்!

எண் 7 என்றால் 'மற்றவை'. கண்ணாடி போலத் தெளிவாகவும் கல் போலக் கெட்டியாகவும் இருக்கிற பாலிகார்பனேட்டும் இதற்குள் வரும். அதைச் செய்யப் பயன்படும் பொருள்களில் ஒன்றுதான் பிஸ்பினால் ஏ, சுருக்கமாக பிபிஏ. 1891-இல் ரஷ்ய வேதியியலாளர் தியானின் இதை முதலில் தயாரித்தார். 1936-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்பவர், இது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொள்கிறது என்று கண்டுபிடித்தார். அது தெரிந்த பிறகும் 1950-களில் இதை வைத்துப் பிளாஸ்டிக் செய்து, பால்குப்பி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பால்குப்பியில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும் அமெரிக்கா 2012-இலும்தான் தடை போட்டன. இன்று குப்பிகளில் 'பிபிஏ இல்லை' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது வேண்டிய செய்திதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பிபிஏவுக்குப் பதிலாகச் சில இடங்களில் வந்த பிஸ்பினால் எஸ் என்ற பொருளும் அதன் நெருங்கிய சொந்தக்காரன்தான். தவிர, பாலிபுரொப்பிலீனில் தொடக்கத்திலிருந்தே பிபிஏ கிடையாது. சூட்டில் துகள் உதிர்வதை அந்த வரி தடுக்காது.

வெள்ளம் சூடாகத்தான் போக வேண்டும் என்கிற வீடுகளுக்கு என் ஓட்டு எவர்சில்வருக்கே.

இரும்போடு குரோமியம் சேர்த்தால் துருப்பிடிக்காது என்று 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்டார். நம் ஊரில் சேலம் உருக்காலை 1981-இல் எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்கியது. எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பால் ஆறும்போது ஏடு படிவதுபோல மேலே மெல்லிய ஒரு படலமாகப் படிந்துகொள்ளும். கீறினாலும் அந்த இடத்தில் மறுபடி படலம் உண்டாகிவிடும். அதனால்தான் வருடக்கணக்கில் உழைக்கிறது.

குப்பியில் 304 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எவர்சில்வர் அது. விலை குறைந்த 201, 202 வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். "காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர்" என்று கடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சோதனையை நம்பாதீர்கள். 304-இலும் காந்தம் ஒட்டாது, 202-இலும் ஒட்டாது. இரண்டிலும் இரும்பு அணுக்கள் ஒரே விதமாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அசல் 304 குப்பியிலேயே கழுத்துப் பகுதியில் காந்தம் லேசாக இழுக்கலாம். தகட்டை அழுத்தி வளைக்கும்போது அந்த இடத்தில் அணுக்களின் அடுக்கு மாறிவிடுவதே காரணம்.

காந்தத்தைவிட நல்ல சாட்சி ஐஎஸ்ஐ முத்திரை. எவர்சில்வர், செம்பு, அலுமினியக் குடிநீர்க் குப்பிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17803 என்ற தரத்தை 2022-இல் வகுத்தது. முத்திரை இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2023-இல் மத்திய அரசின் ஆணையும் வந்தது. சூடு காக்கும் இரட்டைச்சுவர்க் குப்பிக்கான எண் ஐஎஸ் 17526. முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை அப்பாவின் போனில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த எண் என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம்.

தேங்காய்ப்பட்டணம், இனயம் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. எவர்சில்வருக்கு எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குரோமியப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பழுப்பாகச் சிறு புள்ளிகள் தெரிகின்றன என்றால் அதுதான் நடக்கிறது. குப்பியில் உப்பு வெள்ளத்தையோ பிளீச்சிங் பவுடர் கரைசலையோ இரவு முழுக்க ஊற விடாதீர்கள். ஆப்பச் சோடா கொஞ்சம் போட்டு, நீளப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும்.

எவர்சில்வர் என்று வாங்கிய குப்பியின் மூடியையும் திறந்து உள்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பிளாஸ்டிக்தான் இருக்கும். மூடியின் உள்பக்கத்திலும் எவர்சில்வர்த் தகடு பதித்தவை கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால், சூடான வெள்ளம் மூடியைத் தொடாதபடி இரண்டு விரல் இடம் விட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

சூடு காக்கும் குப்பியின் கதை 1892-இல் லண்டனில் தொடங்கியது. ஜேம்ஸ் டியூவர் என்ற விஞ்ஞானி திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க, இரட்டைச் சுவர்களுக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். நடுவில் காற்றே இல்லாததால் சூடு எளிதில் கடக்க முடியவில்லை. அருமையான கண்டுபிடிப்புதான், ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாம் என்பேன். காலை எட்டு மணிக்கு ஊற்றிய கொதிவெள்ளம் பதினோரு மணிக்கும் நாக்கைச் சுடும். ஸ்ட்ரா வைத்த மூடி என்றால் இன்னும் மோசம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து வெள்ளத்தை அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்ட்ராவை நிமிர்த்திய கணத்தில் சூடு வெள்ளம் முகத்தில் பீச்சியடிக்கும். இன்னொன்றும் உண்டு. காற்றை உறிஞ்சியபின் அடியிலுள்ள துளையை அடைக்கச் சில தயாரிப்பாளர்கள் ஈயம் கலந்த பொருளை வைப்பதுண்டு. குழந்தைகளுக்கான இரட்டைச்சுவர்க் கோப்பைகளில் அளவுக்கு மேல் ஈயம் இருந்ததால் 2023-இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அடிமூடி கழன்றுபோன இரட்டைச்சுவர்க் குப்பியைக் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது.

செம்புக் குப்பியைப் பற்றியும் கேட்பீர்கள். செம்புப் பாத்திரத்தில் 16 மணி நேரம் வைத்த வெள்ளத்தில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போவதை பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். வீட்டில் குடத்துக்கு அது சரி. பள்ளிக் குப்பியில் என்றாவது ஒரு நாள் எலுமிச்சைச் சாறோ மோரோ போகும், புளிப்பு செம்பைக் கரைக்கும், வாந்தி வரலாம்.

இனி எடை. ஒரு லிட்டர் வெள்ளம் ஒரு கிலோ. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கையின்படி ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு லிட்டர்க் குப்பியைக் கொடுத்தால் பையின் பாதி எடை வெள்ளமாகவே போய்விடும். தம்பிக்கு அரை லிட்டர் போதும். பள்ளியில் நல்ல வெள்ளம் இருந்தால் நடுவில் நிரப்பிக்கொள்ளலாம். கேரளப் பள்ளிகளில் 2019-இல் பரவிய 'வாட்டர் பெல்' 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மணி அடித்ததும் எல்லாரும் குடிக்க வேண்டும். குப்பி காலி ஆக ஆகத்தானே பிள்ளை வெள்ளம் குடித்திருக்கிறது என்று அர்த்தம்? மாலையில் நிறைந்த குப்பியோடு திரும்பி வந்தால், அது எந்த நல்ல பொருளால் ஆனதாக இருந்தும் பயன் இல்லை.

பிளாஸ்டிக்கைக் குறைப்பதில் நம் மாவட்டம் முன்னால் நின்ற மாவட்டம். ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்த காலத்திலேயே கன்னியாகுமரியைப் பிளாஸ்டிக் இல்லாத மாவட்டமாக்கும் வேலை தொடங்கிவிட்டது. தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரி 1-ஆம் தேதிதான் வந்தது. அந்தத் தடையில் தண்ணீர்ப் பாக்கெட் உண்டு. தண்ணீர்க் குப்பி இல்லை. குழித்துறை ஆற்றில் விழுகிற பெட் குப்பி தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போய்ச் சேரும். திரும்பத் திரும்ப நிரப்புகிற குப்பி ஒன்று கையில் இருந்தால், அத்தனைக்கு அத்தனை பெட் குப்பிகள் ஆற்றுக்குப் போகாது.

கடைசியாக வாயும் மூடியும். உங்கள் கை உள்ளே போகிற அளவுக்கு அகன்ற வாய் உள்ள குப்பியாகத் தேர்ந்தெடுங்கள். குறுகிய வாய் என்றால் அடியைத் தேய்க்க முடியாது. ஸ்ட்ரா, உறிஞ்சும் முனை, அழுத்தினால் திறக்கிற பொத்தான் என்று உறுப்புகள் கூடக் கூட, பிரஷ் போகாத மூலைகளும் கூடும். வீட்டில் இப்போது இருக்கும் குப்பியின் மூடியை எடுத்து, உள்ளே வளையமாக இருக்கும் வாஷரை ஸ்பூனின் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கோடு இருக்கும், தொட்டால் வழுக்கும். பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும் படலம் அது. மேலே வெள்ளம் ஓடினால் மட்டும் போகாது. தேய்க்க வேண்டும், பிறகு வெயிலில் நன்றாகக் காய வேண்டும். வாஷரைக் கழற்ற முடியாத மூடி என்றால் அந்தக் குப்பியே வேண்டாம்.

கடையை விட்டு இறங்கும் முன் தம்பியின் கையில் குப்பியைக் கொடுத்து, வெள்ளம் நிரப்பி, மூடச் சொல்லுங்கள். தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பிறகு அவனையே திறக்கச் சொல்லுங்கள். அவனால் முடியாவிட்டால் வகுப்பில் டீச்சரிடம் போய் நிற்கக் கூச்சப்பட்டு, குடிக்காமலே இருந்துவிடுவான். மூடியும் வாஷரும் பிறகு தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள். நசுங்கினாலும் படம் உரிந்தாலும், தம்பி ஐந்தாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் அந்தக் குப்பி வரும்.